சொந்தத் தொழில் செய்கிறீர்களா? உங்களை மற்றவர்கள் எப்படிப்பட்ட ஆளாகப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது எப்படி

கோத்தகிரியில் பதினான்கு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ், சுடிதார், பள்ளிச் சீருடை, சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது, ஜெர்க்கினுக்கு ஜிப் மாற்றுவது, எல்லாம் நான் ஒருத்திதான். முதல் ஒன்பது வருடம் ஒரு விஷயத்தை உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். கடைக்கு வருகிற எல்லோரும் என்னைப் பயந்த சுபாவம் என்றும், காசைக் கேட்டு வாங்கத் தெரியாதவள் என்றும், கொஞ்சம் அழுத்திப் பேசினால் இறங்கி வந்துவிடுவாள் என்றும்தான் நினைக்கிறார்கள் என்று. அதனால் யாராவது "கொஞ்சம் பார்த்துப் போடுங்கக்கா" என்று சொன்னாலே, என் பலவீனம் தெரிந்துதான் கேட்கிறார்கள் என்று உள்ளுக்குள் சுருங்கிப்போவேன், ராத்திரி படுத்த பிறகும் அதுவே ஓடும்.

ஒரு ஐப்பசி மதியம், இரண்டு நாளாக விடாத மழை, எங்கோ மரம் விழுந்து கரண்ட் இல்லை. என்னிடம் தையல் பழக வந்துகொண்டிருந்த பெண்ணும் நானும் ஜன்னல் வெளிச்சத்தில் கொக்கி வைத்துக்கொண்டிருந்தோம். பேச்சோடு பேச்சாக அவள் சொன்னாள், "அக்கா, உங்ககிட்ட ரேட் கேக்கவே எல்லாருக்கும் பயம். எங்கம்மா முன்னாடியெல்லாம் நீ போய்க் கேளுன்னு என்னைத்தான் அனுப்புவாங்க."

கையில் இருந்த ஊசியை அப்படியே வைத்துவிட்டேன். என்னிடம் பயமா? நான்தானே எல்லோரிடமும் பயந்துகொண்டிருந்தேன்!

அப்புறம் யோசித்துப் பார்த்தால் எல்லாம் புரிந்தது. வேலை செய்யும்போது குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொள்வது என் பழக்கம். யார் வந்தாலும் வாயைத் திறக்க முடியாது, தலையை மட்டும் ஆட்டுவேன். கண் துணியிலேயே இருக்கும். ரேட் கேட்டால் நீளமாகப் பேசினால் குரல் நடுங்கிவிடும் என்று "முந்நூறு" என்று ஒரே வார்த்தையில் முடிப்பேன். எனக்கு உள்ளே அது நடுக்கம். வாசலில் நிற்கிறவருக்கு அது கறார், சிடுமூஞ்சி, தலைக்கனம். ஒன்பது வருடம் அவர்கள் வேறு ஒருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் வேறு ஒருத்தியாக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இதற்கப்புறம்தான் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன், நானே சிலதைச் செய்தும் பார்த்தேன். டாக்சி ஓட்டுபவர், காட்டேஜ் நடத்துபவர், வீட்டில் சாக்லேட் செய்து விற்பவர், கணக்கு எழுதிக் கொடுப்பவர், பியூட்டி பார்லர் வைத்திருப்பவர், தனியாகத் தொழில் செய்கிற யாருக்கும் இது உதவும் என்று நினைக்கிறேன்.

நமக்கு ஏன் இது கூடுதல் சிக்கல்

ஆபீஸில் வேலை செய்கிறவருக்கு மேலதிகாரி ஒருவர் இருக்கிறார், பக்கத்து நாற்காலியில் ஒருவர் இருக்கிறார், வருடத்துக்கு ஒரு தடவையாவது யாராவது வேலையைப் பற்றியும் நடந்துகொள்கிற விதத்தைப் பற்றியும் சொல்லிவிடுவார்கள். நமக்கு அப்படி யாரும் இல்லை. பிடிக்காத கஸ்டமர் சண்டை போட மாட்டார், அடுத்த தடவை வேறு கடைக்குப் போய்விடுவார், அவ்வளவுதான். அந்த மௌனத்தை நாமே நிரப்பிக்கொள்கிறோம், அதுவும் நமக்குத் தெரிந்த நம்முடைய குறைகளை வைத்தே நிரப்புகிறோம். இதோடு இன்னொன்று, நம் வேலையும் நாமும் ஒன்றாகவே ஒட்டிக்கிடக்கிறோம். கடைக்குப் பெயர்ப்பலகை இருந்தாலும் ஊரில் "அந்த அக்கா கடை"தான். எனவே ஐம்பது ரூபாய் பேரம் பேசினால்கூட நம் மதிப்பையே குறைத்துப் பேசியதுபோல வலிக்கிறது.

முதலில் ஒரு நோட்டு எடுங்கள்

ஒரு பக்கத்தில், நான் எப்படிப்பட்ட ஆள் என்று ஏழெட்டு வார்த்தை எழுதுங்கள், நல்லதும் கெட்டதுமாக. மூடிவைத்துவிடுங்கள். இரண்டு நாள் கழித்து, அந்தப் பக்கத்தைப் பார்க்காமல், கடைக்கு வருகிறவர்கள் என்னை எப்படிப்பட்ட ஆள் என்று நினைப்பார்கள் என்று இன்னொரு பக்கத்தில் எழுதுங்கள். இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எனக்கு ஏறக்குறைய அதே வார்த்தைகள்தான் வந்தன.

இது எனக்கு மட்டும் நடப்பதில்லை. டேவிட் கென்னி, பெல்லா டிபாலோ என்ற இரண்டு உளவியலாளர்கள் அதுவரை நடந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து 1993இல் எழுதியதும் இதைத்தான்: மற்றவர்கள் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்று நாம் ஊகிப்பது பெரும்பாலும் அவர்களைப் பார்த்து இல்லை, நம்மை நாமே எப்படிப் பார்க்கிறோமோ அதை வைத்துத்தான். மொத்தத்தில் நம் பேர் எப்படி என்பதை ஓரளவு சரியாக ஊகிக்கிறோம், ஆனால் இன்னார் நம்மை இப்படி நினைக்கிறார், இன்னொருவர் வேறு மாதிரி நினைக்கிறார் என்று பிரித்துச் சொல்வதில் நாம் ரொம்பவே சுமார், எல்லோரும் ஒரே மாதிரி பார்ப்பதாகவே நினைத்துக்கொள்கிறோம். எனக்கு அந்த மொத்தமும் தப்பிப்போனது, குண்டூசியால்.

இரண்டாவது பக்கத்தில் எழுதிய ஒவ்வொரு வார்த்தைக்கும் பக்கத்தில், இதற்கு என்ன சாட்சி என்று எழுதுங்கள். யார், எப்போது, என்ன சொன்னார் அல்லது செய்தார். "அவங்க முகம் ஒரு மாதிரி போச்சு" என்பதெல்லாம் சாட்சி ஆகாது. சாட்சி இல்லாத வார்த்தைகளை அடிக்க வேண்டாம், அதன் மேல் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுவையுங்கள்.

நடுக்கம் வெளியே எவ்வளவு தெரிகிறது

நம் பயம், கூச்சம், எரிச்சல் எல்லாம் முகத்தில் அப்படியே எழுதியிருக்கிறது என்று நமக்குத் தோன்றும். 1998இல் தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளரும் உடன் இருந்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். சிலரிடம் குடிக்கக் கொடுத்த பானங்களில் ஒன்று மட்டும் வாயில் வைக்க முடியாத ருசி, ஆனால் முகத்தில் காட்டக் கூடாது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று குடித்தவர்கள் எண்ணிய அளவுக்கு, பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. 2000இல் அதே ஆய்வாளர்கள், போட்டுக்கொள்ளவே வெட்கப்படுகிற மாதிரி ஒரு பாடகர் படம் போட்ட டி-சர்ட்டை மாணவர்களுக்கு மாட்டி, ஆட்கள் உட்கார்ந்திருக்கிற அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப்பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டிருந்தவர்கள் நினைத்தார்கள், உண்மையில் கவனித்தது கால்வாசிப்பேர்தான்.

தொழிலில் இதை இப்படி எடுத்துக்கொள்ளுங்கள். ரேட் சொல்லும்போது உங்கள் நெஞ்சு அடித்துக்கொள்வது எதிரில் இருப்பவருக்குக் கேட்காது. அதே நேரம், உங்கள் நல்ல மனதும் அவருக்குத் தெரியாது. "நான் அக்கறையா செய்யறேன், அது அவங்களுக்கே தெரியும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் தெரியாமலே போய்விடும், வெளியே வந்து விழுகிற பேச்சும் செய்கையும் மட்டும்தான் அவர் கையில் இருக்கிறது.

ஆள் வராததற்கு நீங்கள்தான் காரணமா

நம் மலையில் இந்தக் கேள்விக்குத் தனியாகவே இடம் கொடுக்க வேண்டும். ஏப்ரல், மே சீசனில் ஊட்டி, குன்னூர் எங்கும் நிற்க இடம் இருக்காது, அப்புறம் மழை பிடித்தால் கடைத்தெரு வெறிச்சோடிவிடும். கூடலூர் பக்கம் ஜூன், ஜூலையில் கொட்டும், கோத்தகிரி, குன்னூருக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் அடைமழை, மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டால் அதுவும் போச்சு. 2024 மே 7இல் இருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் வேண்டும் என்றானது, டாக்சிக்காரர்களும் காட்டேஜ்காரர்களும் அதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. என் கடைக்கு வருகிற குடும்பங்களில் பாதி சின்னத் தேயிலைத் தோட்டக்காரர்கள். ஃபேக்டரியில் பச்சைத் தேயிலைக்கு விலை இறங்கினால் முதலில் நிற்கிற செலவு புது பிளவுஸ்தான். இது தெரிந்திருந்தும் ஒரு வருடம் ஆள் குறைந்தபோது என் குணம் சரியில்லாததால்தான் வரவில்லை என்று நான் மாதக்கணக்கில் குமைந்தேன்.

ஆகவே ஒரு பதிவேடு வையுங்கள். நான் ஆர்டர் எழுதுகிற நோட்டிலேயே இரண்டு குறி சேர்த்துக்கொண்டேன். மறுபடி வந்தவருக்கு ஒரு டிக். புதிதாக வந்தவரிடம் "யார் சொல்லி வந்தீங்க?" என்று கேட்டு அந்தப் பெயர். ஒரு மாதத்தை அதற்கு முந்தின மாதத்தோடு ஒப்பிடாதீர்கள், போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். மொத்த ஆட்கள் குறைந்திருந்தாலும், வந்தவர்களில் பழைய ஆட்கள் அதே அளவில் இருக்கிறார்கள் என்றால் காரணம் சீசனும் தேயிலை விலையும்தான். பழைய ஆட்களே நின்றுபோனால் அப்போது கேளுங்கள்.

கேட்பது எப்படி

இதில்தான் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது, பலர் தப்பாகச் செய்வதும் இதைத்தான். "என்னைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்று நேராகக் கேட்டால் நம் ஊரில் யாரும் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள். "உங்களுக்கென்னங்க, தங்கமான ஆளு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். முகத்துக்கு நேரே குறை சொல்வது நம் வழக்கம் இல்லை, அதுவும் தினம் பஸ் ஸ்டாண்டிலோ மார்க்கெட்டிலோ பார்த்துக்கொள்ள வேண்டிய சின்ன ஊரில்.

அதனால் கேள்வியை மாற்றுங்கள். நான் கேட்பது இது: "உங்க சொந்தக்காரங்க யாராவது இங்க தைக்கக் கொடுக்கறேன்னு சொன்னா, என்ன சொல்லி அனுப்புவீங்க?" இப்படிக் கேட்டால் ஆட்கள் உங்களைப் பற்றிப் பேசுவதாக நினைப்பதில்லை, தங்கள் தங்கைக்கோ நாத்தனாருக்கோ உதவுவதாக நினைத்துப் பேசுகிறார்கள். எனக்கு வந்த பதில்களில் திரும்பத் திரும்ப இருந்தது, "சொன்ன தேதிக்குத் தந்துடுவாங்க, ஆனா அதிகமாப் பேச மாட்டாங்க, கோவிச்சுக்காதேன்னு சொல்லுவேன்." ஊரில் என் பேர் அந்த ஒரு வரிதான். முதல் பாதியைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டது, அதை யாரும் கவனித்ததாகவே நான் நினைத்திருக்கவில்லை.

யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்கும்போதே "என்ன சொன்னாங்க?" என்று சேர்த்துக் கேட்டால் இதே பதில் சுலபமாகக் கிடைக்கும், புதிதாக வந்தவருக்கு அதை மறைக்க எந்தக் காரணமும் இல்லை.

கேட்கிற ஆட்களைக் கலந்து தேர்ந்தெடுங்கள். பழைய கஸ்டமர் ஒருவர், பக்கத்துக் கடைக்காரர், நீங்கள் சரக்கு வாங்குகிற இடத்தில் ஒருவர் (எனக்கு நூலும் லைனிங் துணியும் தருகிற கடைக்காரர், அங்கே நான்தான் கஸ்டமர், அவர் பார்க்கிற நான் முற்றிலும் வேறு ஆள்), உங்களைவிட வயதில் சின்னவர் ஒருவர், அப்புறம் மனசைத் திடப்படுத்திக்கொண்டு, வராமல் நின்றுபோனவர் ஒருவர். நான் அப்படி ஒருவரைக் கேட்டேன். அவர் ஒருநாள் கடை வாசலில் பத்து நிமிடம் நின்றாராம், நான் ஓவர்லாக் மெஷினில் இருந்து தலையைத் தூக்கவே இல்லையாம், உட்காரச் சொல்லவும் இல்லையாம். எனக்கு அந்த நாளே ஞாபகம் இல்லை. அந்த மெஷின் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்காது, ஆனால் அவருக்கு அது எப்படித் தெரியும்?

அந்த இடத்தில் விளக்கம் சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லாதீர்கள். "சரிங்க, சொன்னது நல்லதாப் போச்சு" என்பதோடு நிறுத்துங்கள். ஒரு தடவை நீங்கள் மறுத்துப் பேசிவிட்டால் அவர் மட்டுமில்லை, அவர் மூலம் கேள்விப்படுகிற யாரும் உங்களிடம் இனி உண்மையைச் சொல்ல மாட்டார்கள். இன்னொன்று, துணியைக் கொடுத்துக் காசு வாங்குகிற நேரத்தில் கேட்காதீர்கள், அப்போது எல்லோரும் நல்லதே சொல்வார்கள். ஒரு வாரம் கழித்து, வேறு எங்காவது பார்க்கும்போது கேளுங்கள்.

எதில் யார் சொல்வதை நம்புவது

எல்லா விஷயத்திலும் மற்றவர்கள் சொல்வதுதான் சரி என்று நான் சொல்லவில்லை. சிமின் வசீர் என்ற ஆய்வாளர் 2010இல் எழுதியது எனக்கு மிகவும் உதவியது. பதற்றம், கவலை போன்ற உள்ளே நடக்கிற விஷயங்கள் நமக்குத்தான் நன்றாகத் தெரியும், மற்றவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. கலகலப்பான ஆளா, அமைதியான ஆளா என்பது இரண்டு பக்கமும் தெரியும். அறிவு, கற்பனைத்திறன் போன்ற, நல்லது கெட்டது என்று எடைபோடப்படுகிற குணங்களில் நம்மைவிட நெருங்கிப் பழகியவர்கள் சொல்வது சரியாக இருக்கும், ஏனென்றால் அங்கே நம் கண்ணை நம் ஆசையும் தாழ்வு மனப்பான்மையும் மறைக்கின்றன. ஆகவே "நீங்க டென்ஷனே ஆக மாட்டீங்க" என்று யாராவது சொன்னால் அதை அப்படியே நம்பி உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். "உங்க டிசைன் நல்லா இருக்கு, நீங்களா யோசிச்சதா?" என்று நாலு பேர் சொன்னால் அதை நம்புங்கள், கூச்சப்பட்டுத் தள்ளிவிடாதீர்கள்.

வெளியே தெரிகிறதை மாற்றுங்கள், உங்களை மாற்ற வேண்டாம்

நான் கலகலப்பான ஆளாக மாறவில்லை, மாறவும் முடியாது. மாற்றியது நாலே விஷயம். குண்டூசிகளை மணிக்கட்டில் கட்டுகிற பஞ்சுப் பட்டையில் குத்தப் பழகினேன். வாசலில் ஒரு ஸ்டூல் போட்டேன். யார் வந்தாலும் தலையைத் தூக்கி "வாங்க, ஒரு நிமிஷம், இந்தத் தையல் முடிச்சிடறேன்" என்று சொல்கிறேன். ரேட்டை எழுதி ஒரு அட்டையில் சுவரில் மாட்டிவிட்டேன், அதனால் என் குரலுக்கும் வேலை குறைந்தது, அவர்களுக்கும் கேட்கும் சங்கடம் போனது.

நீங்கள் எந்தத் தொழிலாக இருந்தாலும் உங்களுடைய குண்டூசி எது என்று தேடுங்கள். எனக்குத் தெரிந்த டாக்சி டிரைவர் ஒருவர் வளைவுகளில் பேசவே மாட்டார், கவனம் சிதறக் கூடாது என்று. பின்னால் இருப்பவர்கள் கோபக்காரர் என்று நினைத்துக்கொள்வார்களாம். இப்போது கிளம்பும்போதே "கொண்டை ஊசி வளைவுல பேச மாட்டேங்க, மேல போய்ப் பேசுவோம்" என்று சொல்லிவிடுகிறார். அதே மௌனம்தான், இப்போது அவரைப் பொறுப்பான ஆள் என்கிறார்கள்.

ஒருநாள் வந்து போகிறவர்களும் உள்ளூர்க்காரர்களும்

சுற்றுலா வருகிறவர்களோடு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு ஆறுதலான விஷயம் இருக்கிறது. எரிகா பூத்பியும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2018இல் வெளியிட்டது இது: முதல் தடவை சந்தித்துப் பேசிய இருவரைத் தனித்தனியாகக் கேட்டால், எதிராளிக்குத் தன்னை எவ்வளவு பிடித்திருக்கும் என்று ஒவ்வொருவரும் உண்மையைவிடக் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள். ஆகவே காட்டேஜில் ஒருநாள் தங்கிவிட்டுப் போனவர் உங்களைப் பற்றி என்ன நினைத்தாரோ என்று மனம் உழன்றால், நீங்கள் நினைத்ததைவிட நன்றாகவே நினைத்திருப்பார் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆன்லைனில் ஒரு ஸ்டார் போட்டிருந்தால் அதில் என்ன செயல் சொல்லப்பட்டிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். "வெந்நீர் வரல" என்றால் அது கீசர், உங்கள் குணம் இல்லை. சுருக்கமாகப் பதில் போட்டுவிட்டு கீசரைச் சரிசெய்யுங்கள்.

வீடும் சொந்தக்காரர்களும்

"வீட்லதானே இருக்க, கொஞ்சம் வந்துட்டுப் போ" என்பதை, பகலில் வேலை செய்கிற சொந்தத் தொழில்காரர் யாரும் கேட்காமல் இருந்திருக்க முடியாது. இதில் ஊகமே இல்லை, பலர் உண்மையிலேயே நம்மை வேலைவெட்டி இல்லாதவராகத்தான் பார்க்கிறார்கள். வாதாடினால் மாறாது. நேரம் வையுங்கள். காலை பத்திலிருந்து ஒன்று, இரண்டிலிருந்து ஆறு என்று எழுதி மாட்டி, அந்த நேரத்தில் போனை எடுக்காமல் ஆறு மணிக்குத் திருப்பிக் கூப்பிடுங்கள். மூன்று மாதத்தில் என் அத்தையே "அவ ஆறு மணிக்கு மேலதான் பேசுவா" என்று மற்றவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

வங்கியில் கடன் கேட்கப் போகும்போதும் ஒரு வார்த்தை. ஒரு வங்கியில் என்னை அலட்சியமாகப் பார்த்தார்கள் என்று வருத்தப்பட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். பிறகு உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு, 2020 ஜூலையில் இருந்து இருக்கிறது, ஆன்லைனில் இலவசம்), வருமான வரிக் கணக்கு, ஆர்டர் நோட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனபோது பேச்சே வேறாக இருந்தது. அங்கே பார்ப்பது காகிதம், ஆள் இல்லை.

உங்களைப் பற்றியதே இல்லாத பார்வைகள்

ஒரு பெண் தனியாகக் கடை நடத்துகிறாள், இந்தத் தெருவில் இருந்து வந்தவன், எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளை, அவன் பேச்சில் இலங்கை வாடை என்றெல்லாம் பார்க்கிறவர்கள் உண்டு. அவர்கள் உங்கள் குணத்தைப் பார்க்கவே இல்லை, வாசலில் நீங்கள் வருவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டார்கள். இப்படிப்பட்டவர் சொன்னதை நோட்டில் சேர்க்காதீர்கள், ஸ்டூல் போட்டாலும் சிரித்தாலும் மாறாத பார்வைக்காக உங்கள் நடத்தையைத் திருத்திக்கொண்டே போனால் நீங்கள்தான் தேய்ந்துபோவீர்கள். இதைக் கண்டுபிடிப்பது எளிது. அவர் சொல்வதில் நீங்கள் செய்த ஒரு செயல்கூட இருக்காது.

நோட்டை வருடத்தில் இரண்டு தடவை திறந்தால் போதும். நான் ஜூன் கடைசியில், பள்ளி திறந்து சீருடை நெருக்கடி ஓய்ந்ததும் ஒரு தடவை, அக்டோபரில் இரண்டாவது சீசன் முடிகிறபோது ஒரு தடவை எழுதுகிறேன். நெருக்கடி நடக்கும்போது எழுதினால் அசதிதான் எழுதும். எழுதிவிட்டு, அதே கேள்வியை வேறு மூன்று பேரிடம் கேட்கிறேன். போன அக்டோபரில் கேட்டபோது ஒரு பாட்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கோவிச்சுக்காதேன்னு இப்பல்லாம் சொல்றதில்லம்மா, மறந்தே போச்சு" என்றார்.